சூப்பர்வைசருக்கு ஒரு நாற்காலி

ஒரு நாய் நாற்காலியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரகடம் சாலையில், கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாக. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னலில் பஸ் நின்றது. சாலையை ஒட்டிய ரெஸ்டாரண்டின் முன்புறத்தில் குடை விரித்த மேசைகள். ஒரு மேசையில் வெள்ளை நிறத்தில் சடைமுடி நாய் ஒன்று, கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு, எதிரே இருந்த பெண் ஊட்ட ஊட்ட நிதானமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. எங்கள் கேன்டீனில் யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பத்தாவது நிமிடம் அடுத்த வரிசை தட்டோடு முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். நாய் ஒருமுறை தலையைத் திருப்பி எங்கள் பஸ்ஸைப் பார்த்தது. உள்ளே நாற்பது பேர் கண்ணாடியில் நெற்றியை முட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரை யார் வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

நான் கடல் கடந்து வந்தவள் இல்லை. விளாத்திகுளத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது இங்கே இறங்கிவிடலாம். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரே மொழி பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு நாடுகளில் இது இரண்டாவது நாடு. வந்திறங்கியவுடன் எல்லோரும் கேட்பது “நேட்டிவ் எது?” என்றுதான். சொன்னால், “ஓ, சவுத்தா?” என்பார்கள். அந்த ‘ஓ’விலேயே முத்திரை குத்தி உள்ளே விட்டுவிடுவார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போல் பெட்டியோடு வந்து வாடகை அறைகளில் ஐந்து பேராகப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நாட்டின் பழக்கவழக்கங்களில் ஒன்றைச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பேனாவால் போடப்பட்ட முதல் கையெழுத்து என்னுடையது. அதற்கு முந்தையவை எல்லாம் பெருவிரல். அப்பா கரிமூட்டம் போடுகிறவர், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். அதை ஆபீஸ் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள், அதில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. நான் பள்ளி முடித்து, டிப்ளமோ முடித்து, வண்டிகளுக்குப் பிரேக் பாகம் செய்யும் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். லைனிலிருந்து வரும் பாகத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் அதில் ஒரு பச்சை டேக் கட்ட வேண்டும். டேக்கில் வரிசை எண் அச்சாகியிருக்கும். பொருளின் பெயர், முடிவு, பரிசோதித்தவர் கையெழுத்து. நான் கையெழுத்துப் போட்ட ஒரு பாகம்கூட இரண்டு வருடத்தில் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன்; வேறு எதற்காகச் சொல்வேன்? இரண்டு வருட ட்ரெய்னிக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்தால் நிரந்தரம் செய்யும் கடிதம் வர வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் அம்மா வீட்டில் யூனிஃபார்ம் போட்ட என் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துக் காலியாக வைத்திருக்கிறாள்.

அந்த யூனிஃபார்மோடுதான் இரண்டு மாதங்களுக்கு முன்னால் அதே ரெஸ்டாரண்டுக்குப் போனோம். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பிறந்தநாள். ஷிஃப்ட் முடிந்த கையோடு மூன்று பேர். வாசலிலேயே கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் சிரித்த முகமாக மறித்தார். “சாரி மேடம், கம்பெனி யூனிஃபார்ம்ல உள்ள உக்கார அலவ்டு இல்ல. பின்னாடி பார்சல் கவுண்ட்டர் இருக்கு.” பக்கத்தில் சிறிய பலகையில் அதையே ஆங்கிலத்தில் எழுதி லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். அதற்கு மேலே அதைவிடப் பெரிய பலகை. அதில் ஒரு பாதத்தின் படம் போட்டு, நாய்களை அன்போடு வரவேற்றிருந்தார்கள். நாங்கள் பின்னால் போய்ப் பார்சல் வாங்கி, பஸ் ஸ்டாப்பில் நின்றபடி பிறந்தநாளைக் கொண்டாடினோம்.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் ஊர் டீக்கடை வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. அப்பா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயை வாங்கிக்கொண்டு புளியமரத்துப் பக்கம் நகர்ந்து நின்று குடிப்பார். பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் படுத்திருக்கும். அதை யாரும் எழுப்பியதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் ஓடிப்போய் அந்தப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, அப்பாதான் வந்து தூக்கிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் எந்தப் பலகையும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், அதனால் எழுத வேண்டியதில்லை. இங்கே எழுதி, லேமினேட் செய்து, “சாரி” வேறு சொல்கிறார்கள். இரண்டு நாடுகளையும் ஒப்பிட்டால் இதைத்தான் முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும்.

எங்களுக்கும் ஒரு நாய் உண்டு. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். நாங்கள் பஸ் ஏறும் இடத்தில்தான் அதன் வாசம். மூன்று ஷிஃப்டுக்கும் வரும், எல்லோர் பின்னாலும் மெதுவாக நடக்கும், நின்று முறைத்துப் பார்க்கும், ஒரு வேலையும் செய்யாது. ஆகவே சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தோம். ஒருநாள் நான் “ஏ சூப்பர்வைசர், பன்னு திங்கியா?” என்று கத்த, பஸ்ஸுக்குக் காத்திருந்த நிஜ சூப்பர்வைசர் திரும்பி, “இல்லம்மா, இப்பதான் சாப்ட்டேன்” என்றார். அந்த நாயை நாங்கள் சேர்ந்து வளர்த்தோம் என்றாலும், ராத்திரி அது படுப்பது எஸ்தர் அக்கா வாசலில். எஸ்தர் அக்கா எங்கள் அறைகளின் சொந்தக்காரர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பஞ்சாயத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போட்டபோது அதை இழுத்துக்கொண்டு போய் ஊசி போட்டு, சீட்டு வாங்கி, பைபிளுக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

“அக்கா, ஞாயித்துக்கெழம நம்ம சூப்பர்வைசரக் கூட்டிட்டு அந்த ஓட்டலுக்குப் போவோமா?” என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு? வூட்ல சோறு கீதே.”

“நாய வரச்சொல்லிப் போர்டு வச்சிருக்காகக்கா.”

“உன்ன வோணான்னு தொரத்துனானே, அங்கயா? ரோசம் கீதா உனுக்கு?”

“ரோசம் இருக்கப்போயிதான் போறேன்.”

எஸ்தர் அக்கா கொடியிலிருந்து வெள்ளைப் புடவையை எடுத்து மடித்தார். பிறகு, “சர்ச்சு வுட்டு வந்து போலாம். வெள்ளப் பொடவைல கெத்தா இருக்கும்” என்றார்.

சனிக்கிழமை போன் செய்து இடம் சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். இரண்டு பேரும் சூப்பர்வைசரும் என்றேன். எந்தக் கம்பெனி சூப்பர்வைசர் என்று மரியாதையாகக் கேட்டார்கள். நாய் என்றேன். பிறகு விதிகள் வந்தன: கயிறு வேண்டும், தடுப்பூசிச் சான்று வேண்டும், கழுத்தில் அடையாள அட்டை வேண்டும்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். தடுப்பூசிச் சீட்டு பைபிளில் இருந்தது. கயிறு கொடியில் இருந்தது. அட்டைக்கு எங்கே போவது? அன்று மாலை யூனிஃபார்மைத் துவைக்கப் பையைத் துழாவியபோது ஒரு பச்சை டேக் கையில் வந்தது. மூலை கிழிந்தது. கிழிந்த டேக்கை அன்றே டேக் புத்தகத்தோடு ஒப்படைக்க வேண்டும், மறந்துவிட்டேன். ஆலைக்கு வெளியே ஒரு டேக் இருப்பது எங்கள் தொழிலில் சின்ன விஷயம் இல்லை. நல்ல டேக் கட்டிய கெட்ட பாகம் ஒன்று வெளியே போனால் எங்கோ ஒரு வண்டி நிற்காமல் போய்விடும். இதையெல்லாம் புதிய பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தோன்றியது இது மட்டும்தான்: அடையாளம் கேட்கிறார்களா, என் கையெழுத்தைவிடப் பெரிய அடையாளம் என்ன வேண்டும்? பொருளின் பெயர்: நாய். முடிவு: சரி. கீழே என் கையெழுத்து. துளையில் கம்பி கோத்துக் கழுத்தில் மாட்டினேன். சூப்பர்வைசர் அதை மோந்து பார்த்து ஏற்றுக்கொண்டார்.

ஞாயிறு மதியம் போனோம். வாலாஜாபாத்தில் தள்ளுபடியில் எடுத்த சுடிதாரைப் போட்டிருந்தேன். படிப்பையும் வேலையையும் காட்டும் உடுப்பில் வந்தால் பின்வாசல். ஜிமிக்கியும் தள்ளுபடிச் சுடிதாருமாக வந்தால் முன்வாசல். அதே கறுப்புச் சட்டைக்காரர் என்னை அடையாளம் தெரியாமல் “வெல்கம் மேடம்” என்றார். ஆனால் நாயைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

“மேடம், இது… என்ன பிரீட்?”

“போர்டுல பிரீட் போடலியே,” என்றேன்.

“இல்ல மேடம், மத்த கஸ்டமர்ஸ்…”

எஸ்தர் அக்கா முன்னால் வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். “யோவ், நீ வாலாஜாபாத் மளிகக் கட பாஸ்கர் புள்ள தான? உங்கப்பன் கடைல இந்த நாயி மாரி நாலு படுத்துகினு இருக்குமே மூட்ட மேல. அதுங்கல்லாம் இன்னா பிரீடு?”

“ஆன்ட்டி, ப்ளீஸ், மெதுவா பேசுங்க.” அவர் குரல் சட்டென்று இந்த ஊர்க் குரலாகிவிட்டது. “உள்ள வாங்க. ஓரமா குந்துங்க. பாஸ் கேட்டா வாக்சின் சீட்ட காட்டிடுங்க, இன்னா?”

பேட்டியோ என்று அவர்கள் சொல்வது வேறொன்றுமில்லை: தரையில் ஜல்லி கொட்டி, மேலே பச்சை வலை கட்டி, தண்ணீர் தெளிக்கும் ஃபேன் வைத்த இடம். வெயிலில் நின்று சாப்பிடுவது எங்கள் பக்கம் கூலிக்காரர்களின் கதி. இங்கே அதற்கு முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நாய்க்குத் தனி மெனு. உப்பில்லாத கோழி, குழைந்த சோறு, வேகவைத்த கேரட். “இத்த எங்க வூட்ல வவுத்துப்போக்குக்குக் குடுப்போம்” என்றார் எஸ்தர் அக்கா. எங்களுக்கு வந்தது ஒரு பெரிய தட்டு நிறையப் பச்சை இலைகள். பெயர் பார்த்துத்தான் நான் சொல்லியிருந்தேன்; என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. அதை மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை.

எஸ்தர் அக்கா ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தார். “செல்வி, இது எங்க மாடு கட்ற எடம். தோ, அந்தக் கம்பம் கீது பாரு, அங்கதான் மொள அடிச்சிருந்தோம். எங்க மாடு ஓசில துன்ன எலய நீ காசு குட்த்துத் துன்றே. படிச்ச பொண்ணு!”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சூப்பர்வைசரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். கறுப்புச் சட்டைக்காரரே படம் எடுத்துக்கொடுத்தார். நான், அக்கா, நடுவில் சூப்பர்வைசர். அந்தப் படத்தை அங்கேயே அப்பாவின் போனுக்கு அனுப்பினேன். முதுகை நாற்காலியில் நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தேன். இரண்டு மாதமாகப் போட்டிருந்த கணக்கு தீர்ந்த மாதிரி இருந்தது.

அது இரண்டு நிமிடம்தான் நீடித்தது. சூப்பர்வைசர் கேரட்டை மோந்தார், அவமானப்பட்டவர்போல் கீழே குதித்தார், கயிற்றோடு நேராகக் கடைசி மேசைக்குப் போய் ஒருவர் காலடியில் உட்கார்ந்தார். நான் ஓடினேன். அந்தக் கால்களில் இருந்த ஷூவை எனக்குத் தெரியும். எங்கள் தரப் பிரிவின் தலைவர். கொரியாக்காரர்; நாங்கள் பெரிய சார் என்போம். மனைவியோடு வந்திருந்தார். பக்கத்தில் குழந்தை வண்டி, அதற்குள் குழந்தை இல்லை. நான் பஸ்ஸிலிருந்து பார்த்த அதே வெள்ளை நாய்.

பெரிய சார் குனிந்து சூப்பர்வைசரின் தலையைத் தடவினார். அப்படி ஒரு கனிவை லைனில் நாங்கள் பார்த்ததே இல்லை. அப்புறம் அவர் கை டேக்கில் பட்டது. எந்தப் பாகத்தை எடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். டேக்கையும் திருப்பினார். வரிசை எண்ணைப் படித்தார். முன்பக்கம் திருப்பினார். தமிழ் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் கையெழுத்து அவருக்கு மனப்பாடம்.

“செல்வி. யூ இன்ஸ்பெக்ட்?”

“யெஸ் சார்.”

“ஹவ் மெனி பாயிண்ட் செக்?”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, மனைவி பக்கத்தில், நாய் காலடியில். “நாலு கால், ரெண்டு காது, ஒரு வால் சார். ஆல் ஓகே” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சூப்பர்வைசரின் மடிந்த காதைச் சுட்டிக்காட்டி, “திஸ் நாட் ஓகே” என்றார். கம்பியை அவிழ்த்து, டேக்கையும் நாயையும் படம் எடுத்து, டேக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “டுமாரோ. வொய்-வொய்.”

வொய்-வொய் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆலையில் ஒரு தவறு நடந்தால் திட்ட மாட்டார்கள். ஒரு தாளைக் கொடுத்து, ஏன் நடந்தது என்று எழுதச் சொல்வார்கள். எழுதியதற்குக் கீழே மறுபடி ஏன். இப்படி ஐந்து ஏன். ஐந்தாவது பதிலில் மூல காரணம் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் செருப்பால் அடிப்பார்கள். இது அதைவிட நாகரிகமானது, அதைவிட அதிக நேரம் எடுக்கும்.

திங்கட்கிழமை உட்கார்ந்து நேர்மையாக எழுதினேன். டேக் ஏன் வெளியே போனது? நாய்க்கு அடையாள அட்டை தேவைப்பட்டதால். ஏன் தேவைப்பட்டது? ரெஸ்டாரண்டில் கேட்டதால். அங்கே ஏன் போனாய்? நாய்க்கு அனுமதி இருந்ததால். நாய்க்கு அனுமதி இருந்தால் நீ ஏன் போக வேண்டும்? இந்தக் கம்பெனியின் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போனபோது எனக்கு அனுமதி இல்லாததால். அனுமதி இல்லையென்றால் ஏன் விட்டுவிடவில்லை? இந்த ஐந்தாவது ஏனில் பேனா நின்றது. பிறகு எழுதினேன்: என் அப்பா உட்காராத ஒரு பெஞ்சு எங்கள் ஊரில் இருப்பதால்.

பெரிய சார் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். பொறுமையாகக் கேட்டார். இன்னொருமுறை சொல்லச் சொல்லியும் கேட்டார். “பெஞ்ச்?” என்றார். “யெஸ் சார், பெஞ்ச்.” “இன்சைட் பிளான்ட்?” “நோ சார். மை வில்லேஜ்.” சிவப்புப் பேனாவை எடுத்து நான்காவது, ஐந்தாவது பதில்களை அடித்தார். ஆலைக்கு வெளியே இருப்பதை ஆலை சரிசெய்ய முடியாது, ஆகவே அது மூல காரணம் ஆகாது என்று விளக்கினார். அவர் கணக்கில் அது சரிதான். கடைசியில் அவர் சொல்ல நான் எழுதினேன்: மூல காரணம், டேக் புத்தகம் வைக்கும் அலமாரிக்குப் பூட்டு இல்லை. தீர்வு, பூட்டு. அன்று மாலையே பூட்டு வந்துவிட்டது. அந்த ரெஸ்டாரண்டின் லேமினேட் பலகை அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடிதமும் வந்தது. ட்ரெய்னிக் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. காரணம் ஒரு வரியில். என் தவறு என் தவறுதான். அதில் நான் வாதாடவில்லை, கடிதத்தை வாங்கியதற்குக் கையெழுத்தும் போட்டேன், வழக்கமான அதே கையெழுத்து. கோப்பை மூடும்போது உள்ளே பார்த்தேன். பச்சை டேக்கைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் சூப்பர்வைசரின் படம். கீழே, பொருள்: நாய். குறை: இடது காது. எங்கள் ஆலையில் தரக் கோப்புகளை அழிப்பதே இல்லை. ஆக, சூப்பர்வைசர் கம்பெனியில் நிரந்தரம். எனக்குத்தான் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

எஸ்தர் அக்காவிடம் சொன்னேன். அவர் சோற்றை உருட்டி வாசலில் படுத்திருந்த அதன் முன்னால் வைத்தார். “பாரேன் இந்த நாய்க்கி வந்த வாழ்வ! ஆறு மாசந்தான? என் ரூமு இன்னா ஓடியா பூடும்? இருந்து வாங்கிகினு போ.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அட்த்த வாட்டி அந்த எலய மட்டும் வோணான்னு சொல்லிடு” என்றார்.

அப்பாவுக்குப் போன் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. அம்மா அடித்த ஆணி கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆறு மாதம் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னேன். “அதுக்கென்ன தாயி, குடுப்பாக, எங்க போயிரப் போவுது” என்றார். அவர் குரலில் வேறு ஏதோ சந்தோஷம் இருந்தது. அந்தப் படத்தை டீக்கடையில் காட்டினாராம்.

“எல்லாரும் பாத்தாகம்மா. நாய் நாக்காலியில இருக்கது நெசமான்னு கேட்டாக. மக பக்கத்துல இருக்காளா, அதான் நெசம்னேன். பெஞ்சுல இருந்தவுக ஒவ்வொருத்தரா வாங்கி வாங்கிப் பாத்தாக. அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வந்துச்சு போனு.”

“நீங்க எங்கப்பா இருந்தீங்க?”

“நானா? போன எப்பத் தருவாகன்னு பாத்துக்கிட்டு நின்னேன்.”

ஜிமிக்கியும் சுடிதாருமாக, நாற்காலியில் சாய்ந்தபடி, நான் அந்தப் பெஞ்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறேன். புளியமரத்துப் பக்கம் அப்பா டீ டம்ளரோடு நின்றிருக்கிறார், என்னைத் திருப்பி வாங்கிக்கொள்ள.